லேம்டா மேக்ஸைக் கணிப்பது ஏன் இன்னும் சிக்கலாகவே இருக்கிறது?

ஒரு கரிமச் சேர்மத்தின் கட்டமைப்பைத் தாளில் வரைந்து கொடுத்து, இது புற ஊதாவில் எந்த அலைநீளத்தை அதிகம் உறிஞ்சும், அதாவது இதன் லேம்டா மேக்ஸ் என்ன, என்று கேட்டால், எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் மாணவர் இரண்டு நிமிடத்தில் கூட்டிப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார். எர்கோஸ்டெரால் என்ற ஸ்டீராய்டு என்றால் 283 நானோமீட்டர். ஆய்வகத்தில் அளந்தால் 282. இதே கேள்வியை இரவெல்லாம் கணினியில் ஓடும் குவாண்டம் கணக்கீட்டிடம் கேட்டால் 15 நானோமீட்டர் தள்ளி ஒரு பதில் வரலாம். அதற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை. அந்த முறையின் வழக்கமான பிழையே அவ்வளவு.

இதை வைத்துப் பென்சில் ஜெயித்துவிட்டது என்று முடிவுகட்டவும் முடியாது. அதே மாணவரிடம் மஞ்சளில் இருக்கும் குர்குமினை வரைந்து கொடுங்கள். அவர் கூட்டிப் பார்க்கும் விதி கையை விரித்துவிடும், கணினியோ ஏதோ ஒரு பதிலாவது சொல்லும். இந்தத் துறையில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு சரகம் உண்டு. சரகத்துக்குள் அது சொன்னால் சொன்னதுதான். எல்லை தாண்டினால் அதே துணிச்சலோடு தப்பாகச் சொல்லும். எந்த மூலக்கூறு எந்தச் சரகத்தில் வருகிறது என்று பார்த்து வைப்பதுதான் பாதி வேலை.

அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மூலக்கூறு ஒளியை உறிஞ்சும்போது ஓர் எலக்ட்ரான் கீழ் ஆற்றல் மட்டத்திலிருந்து மேல் மட்டத்துக்குத் தாவுகிறது. இடைவெளியை எலக்ட்ரான் வோல்ட்டில் அளந்து, 1240-ஐ அதனால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் சங்கிலியில் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்காமல் பரவிக் கிடக்கும். இதை இணைவு என்பார்கள். சங்கிலி நீள நீள இடைவெளி சுருங்கும், அலைநீளம் கூடும். ஒரே இரட்டைப் பிணைப்புள்ள எத்திலீன் 170-க்கு அருகே உறிஞ்சுகிறது, இரண்டுள்ள பியூட்டாடையீன் 217-இல். 11 உள்ள பீட்டா கரோட்டீன் 450-ஐத் தாண்டி வந்து கேரட்டுக்கு நிறம் கொடுக்கிறது. ஆய்வகத்தில் லேம்டா மேக்ஸ் என்று சொல்வது இந்த உறிஞ்சல் உச்சத்தின் அலைநீளத்தைத்தான்.

கணக்கு போடும் வழியை 1941-இல் திறந்துவிட்டவர் ஹார்வர்டில் இருந்த ராபர்ட் பர்ன்ஸ் உட்வார்ட். அப்போது அவருக்கு 24 வயது. கார்பனைல் தொகுதிக்கு (கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் இடம்) பக்கத்தில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் கீட்டோன்களின், அதாவது ஈனோன்களின், உறிஞ்சல் உச்சங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார். இரட்டைப் பிணைப்பில் ஒரு பதிலி (ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஒட்டிய தொகுதி) இருந்தால் 225-க்கு ஐந்து முன்பின், இரண்டு இருந்தால் 239-க்கு ஐந்து முன்பின், மூன்று என்றால் 254-க்கு ஐந்து முன்பின் என்று அவை தாமாகவே வகை பிரிந்து நின்றன. மறு ஆண்டே டையீன்களுக்கும் (இரண்டு இரட்டைப் பிணைப்புகள் இணைவில் இருப்பவை) இப்படி ஒரு விதி சொன்னார். பிறகு லூயி ஃபீசரும் மேரி ஃபீசரும் ஸ்டீராய்டுகளின் ஏராளமான அளவீடுகளைக் கொண்டு அந்த விதிகளைச் செப்பனிட்டு, இன்று பாடநூல்களில் பார்க்கும் கூட்டல் அட்டவணையாக வளர்த்தார்கள்.

காலமும் கூடி வந்தது. அதே 1941-இல்தான் பெக்மன் டி.யு. நிறமாலைமானி விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் குவார்ட்ஸ் கருவியில் ஒளிப்படத் தகடு போட்டு, கழுவி, கோடுகளை அளந்து மல்லாட வேண்டும். இப்போது சில நிமிடங்களில் எண் கையில். மீன் எண்ணெயில் வைட்டமின் ஏ எவ்வளவு என்று பார்க்கப் போர்க்காலத்தில் அந்தக் கருவி நிறையப் பயன்பட்டது. எண்கள் குவியக் குவிய, அவற்றுக்கு அர்த்தம் சொல்லும் விதிகளுக்கும் மவுசு கூடியது.

அன்றைய வேதியியலாளருக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பதற்குப் பைன் மரப் பிசினே சாட்சி. அதில் அபியட்டிக் அமிலம், லீவோபிமாரிக் அமிலம் என்று இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் 20 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். இரண்டிலும் இரண்டு இணைவுற்ற இரட்டைப் பிணைப்புகள். வித்தியாசம் ஒன்றுதான்: அபியட்டிக்கில் அவை இரு வெவ்வேறு வளையங்களில் இருக்கின்றன, லீவோபிமாரிக்கில் ஒரே வளையத்துக்குள். எடை போட்டுப் பார்த்தோ எரித்துப் பார்த்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. விதி அபியட்டிக்குக்கு 239 என்கிறது, லீவோபிமாரிக்குக்கு 278 என்கிறது. அளந்தால் முன்னது 240 அருகே, பின்னது 272 அருகே. பின்னதில் கணக்கு ஆறு நானோமீட்டர் பிசகியிருப்பது உண்மைதான். ஆனால் கேள்வி ‘இதுவா, அதுவா’ என்பது. 30 நானோமீட்டர் இடைவெளி இருக்கும் இடத்தில் ஆறு எந்த மூலைக்கு? மூலக்கூறின் கட்டமைப்பை நேரடியாகக் காட்டும் என்.எம்.ஆர். நிறமாலை முறை வருவதற்கு முந்தைய காலத்தில் மாதக்கணக்கில் மூலக்கூறை உடைத்து உடைத்துப் பார்த்து அறிந்ததை ஒரு குவார்ட்ஸ் குவளைக் கரைசல் சொல்லிவிட்டது.

விதி நடக்கும் விதம் நம் ஊர் பஸ் டிக்கெட் மாதிரி: ஏறினாலே ஒரு குறைந்தபட்சக் கட்டணம், பிறகு ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் கூடுதல். எர்கோஸ்டெராலையே எடுத்துக்கொள்வோம். இரண்டு இரட்டைப் பிணைப்பும் ஒரே வளையத்தில் இருப்பதால் தொடக்கம் 253. (வெவ்வேறு வளையம் என்றால் 214.) அந்த டையீனில் ஒட்டியிருக்கும் வளையக் கார்பன்கள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 5 வீதம் 20. இரட்டைப் பிணைப்பு இரண்டும் பக்கத்து வளையத்திலிருந்து பார்த்தால் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை. அதற்கு இரண்டு ஐந்து, 10. மொத்தம் 283. டெஸ்டோஸ்டீரோன் ஓர் ஈனோன், அதன் தொடக்கம் 215. பீட்டா இடத்தில், அதாவது கார்பனைலிலிருந்து இரண்டாவது கார்பனில், இரண்டு வளையக் கார்பன்கள், தலைக்கு 12 வீதம் 24. வெளிநீட்டிய பிணைப்புக்கு 5. கூட்டினால் 244. எத்தனாலில் அளந்த மதிப்பு 241-ஐ ஒட்டி வருகிறது.

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அந்த வெளிநீட்டிய பிணைப்பில்தான். கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும், எண்ண மறந்துவிடுவார்கள்.

இவ்வளவு எளிய கூட்டல் எப்படி இவ்வளவு துல்லியமாக வருகிறது? ஸ்டீராய்டு ஒரு விறைப்பான கூடு. பிணைப்புகள் நினைத்தபடி திரும்ப முடியாது. பதிலிகளும் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஆல்கைல் தொகுதிகளே. அவை எலக்ட்ரான் மட்டங்களைத் தலைகீழாக்குவதில்லை, லேசாகத் தள்ளிவிடுகின்றன. கரைப்பானும் எத்தனால் என்று ஒன்றே. அட்டவணையின் எண்கள் இந்தச் சூழலில் அளந்த மூலக்கூறுகளிலிருந்தே வந்தவை என்பதால் கரைப்பான் விளைவு, அதிர்வு விளைவு எல்லாம் சொல்லாமலே அவற்றுக்குள் கலந்திருக்கின்றன. விதி இயற்பியலை விளக்கவில்லை, ஒரு குடும்பத்தின் சாயலைப் பதிவு செய்து வைத்திருக்கிறது என்பேன்.

குடும்பத்துக்கு வெளியே போனால் சாயல் உதவாது. இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டிய பைஃபீனைல் 250-க்கு அருகே வலுவாக உறிஞ்சும். ஒட்டும் இடத்தைச் சுற்றி மெத்தில் தொகுதிகளை நெருக்கி வைத்தால் பைமெசிட்டைல். கூட்டல் விதிப்படி மெத்தில் வரவர அலைநீளம் கூட வேண்டும். நடப்பதோ நேர்மாறு: நெருக்கடியில் இரண்டு வளையங்களும் ஒன்றுக்கொன்று குறுக்காகத் திரும்பிவிடுகின்றன, இணைவு அறுகிறது, நிறமாலை கிட்டத்தட்ட இரண்டு தனித்தனி மெசிட்டிலீன்களுடையது போல ஆகிவிடுகிறது. தாளில் தட்டையாக வரைந்த படம் இந்தத் திருப்பத்தைக் காட்டாது.

நீண்ட சங்கிலிகளுக்கு ஃபீசர்–கூன் சூத்திரம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. 114-இல் தொடங்கி, ஆல்கைல் பதிலி ஒவ்வொன்றுக்கும் 5 கூட்ட வேண்டும். இணைவுற்ற இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கையை 1.7-ஆல் பெருக்கி 48-இலிருந்து கழித்து, மீதியை அதே எண்ணிக்கையால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். வளையத்துக்குள் சிக்கிய இரட்டைப் பிணைப்பு ஒவ்வொன்றுக்கும் 16.5-ஐயும், வளையத்திலிருந்து வெளியே நீட்டியது ஒவ்வொன்றுக்கும் 10-ஐயும் கழிக்க வேண்டும். பீட்டா கரோட்டீனுக்குப் பதிலிகள் 10, இரட்டைப் பிணைப்புகள் 11, வளையத்துக்குள் இரண்டு: 114, 50, 322.3 மூன்றையும் கூட்டி 33-ஐக் கழித்தால் 453.3. ஹெக்சேனில் அளந்தால் ஏறத்தாழ 452. தக்காளியின் லைக்கோப்பீனுக்கும் இரட்டைப் பிணைப்புகள் 11-தான், ஆனால் வளையம் கிடையாது, பதிலிகள் 8. கணக்கு 476 என்கிறது, அளவீடு 472-இலிருந்து 474 வரை. கேரட்டுக்கும் தக்காளிக்கும் இடையிலான நிற வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்த 33-க்குள் இருக்கிறது: வளையத்துக்குள் சிக்கிய பிணைப்பு சங்கிலியின் தளத்திலிருந்து திரும்பி நிற்பதால் இணைவில் முழுதாகச் சேர்வதில்லை.

இந்தச் சூத்திரத்தை நீட்டிப் பாருங்கள், வேடிக்கை தெரியும். இரட்டைப் பிணைப்புகள் 14 ஆகும்போது அந்தப் பெருக்கல் உறுப்பு 338.8. அவை 15 ஆனால் 337.5. அதாவது சங்கிலி நீண்டால் அலைநீளம் குறைகிறது என்கிறது சூத்திரம். எந்த மூலக்கூறும் அப்படி நடந்துகொள்வதில்லை. அளந்த சங்கிலிகளின் நீளத்துக்குள் அழகாகப் பொருந்தும்படி வளைத்த கோடு அது. அந்த நீளத்துக்கு அப்பால் தலைகுப்புறக் கவிழ்கிறது. தரவுக்குப் பொருத்திய எந்த விதியையும் நீட்டும் முன் இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சங்கிலி நீள்வதன் பலன் போகப்போகக் குறைவது மட்டும் உண்மை. அதற்குக் காரணம் சொன்னவர்களில் முக்கியமானவர் ஹான்ஸ் கூன். 1940-களின் கடைசியில் சயனின் சாயங்களை எடுத்துக்கொண்டு, எலக்ட்ரான்கள் ஒரு நீளமான பெட்டிக்குள் ஓடித் திரிவதாக வைத்து, பாடநூலின் முதல் அத்தியாயக் குவாண்டம் இயற்பியலைப் போட்டார். விடை அளவீட்டோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போனது. சயனினில் இரட்டைப் பிணைப்பு ஒன்றைக் கூட்டும்தோறும் அலைநீளம் ஏறக்குறைய 100 நானோமீட்டர் தாவும், சளைக்காமல் தாவும். ஏனென்றால் அந்தச் சங்கிலியில் எல்லாப் பிணைப்புகளும் கிட்டத்தட்ட ஒரே நீளம். கரோட்டீன் வகைச் சங்கிலியில் குட்டையும் நெட்டையும் மாறி மாறி வருவதால் எலக்ட்ரானின் ஓட்டம் அங்கங்கே தடுக்கப்படுகிறது, இடைவெளி ஓர் அளவுக்குக் கீழே சுருங்க மறுக்கிறது.

இனி கணினிக்கு வருவோம். இன்று பெரும்பாலோர் ஓட்டுவது டிடி-டிஎஃப்டி (காலம் சார்ந்த அடர்த்திச் சார்பியக் கோட்பாடு) என்ற குவாண்டம் கணக்கீடு. அதன் கோட்பாட்டு அடித்தளம் ருங்கேவும் கிராஸும் 1984-இல் போட்டது. 1995-இல் காசிடா கொடுத்த வடிவம்தான் மூலக்கூறுகளுக்கு அன்றாடம் பயன்படுத்தும் அளவுக்கு அதைக் கொண்டுவந்தது. எந்த மூலக்கூறையும் கொடுக்கலாம், எந்தப் பதிலியானாலும் சரி, அட்டவணையில் இருக்கிறதா என்று தேட வேண்டாம். வழக்கமான பிழை 0.2, 0.3 எலக்ட்ரான் வோல்ட் என்பார்கள். கேட்க அற்பமாக இருக்கும். ஆற்றலும் அலைநீளமும் தலைகீழ் உறவு என்பதால் இந்த அற்பத்தின் விலை இடத்துக்கு இடம் மாறும்: 0.1 எலக்ட்ரான் வோல்ட் பிசகினால் 250-இல் 5 நானோமீட்டர், 600-இல் 29 நானோமீட்டர். ஒரு மருந்து மூலக்கூறுக்குப் பரவாயில்லை எனும்படியான பிழை, ஒரு சாயத்துக்கு வந்தால் ஆரஞ்சைச் சிவப்பாக்கிவிடும். ஆய்வுக் கட்டுரைகளில் சராசரிப் பிழையை எலக்ட்ரான் வோல்ட்டில் மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் வழக்கம் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

இதைவிடத் தொல்லை, பிழை சமமாகப் பரவாமல் குறிப்பிட்ட வகைகளில் குவிவது. மூலக்கூறின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எலக்ட்ரான் தாவும் மின்சுமைப் பெயர்வு உறிஞ்சல்களில் பி3எல்ஒய்பி போன்ற பழகிய முறைகள் ஆற்றலை மிகவும் குறைத்துச் சொல்லும். அலைநீளம் எங்கோ போய் நிற்கும். இதைச் சரிக்கட்ட 2004-இல் கேம்-பி3எல்ஒய்பி போன்ற தூரத் திருத்த முறைகள் வந்தன. சயனினில் நிலைமை எதிர்த்திசை: ஆற்றல் கூடுதலாக வரும், எந்தத் திருத்தத்தை மாற்றிப் போட்டாலும் பெரும்பாலும் அசையாது. கூன் பெட்டிக் கணக்கில் சமாளித்த அதே சயனின்!

இதுவரை எண் ஒன்று, மூலக்கூறு ஒன்று என்று பேசினோம். குவளைக்குள் நிலைமை வேறு. கணினி சாதாரணமாகத் தருவது அணுக்கள் அசையாமல் நிற்க எலக்ட்ரான் மட்டும் தாவும் ஆற்றலை. அளவீட்டில் தெரிவது அதிர்வுகளோடு சேர்ந்து அகன்ற ஒரு பட்டை. அதன் உச்சமும் கணினி சொல்லும் எண்ணும் ஒரே பொருள் அல்ல, ஒப்பிடுவது வசதிக்காக. போதாக்குறைக்கு, பல இரட்டைப் பிணைப்புகள் இணைவில் தொடரும் நீண்ட பாலியீன்களில் மிகக் கீழே உள்ள கிளர்வு நிலை ஒளியை உறிஞ்சுவதே இல்லை, அதற்கு மேலே உள்ளதுதான் உறிஞ்சுகிறது. ஆகவே மிகச் சிறிய இடைவெளியைக் கண்டுபிடித்தாலும் நிறத்தைக் கண்டுபிடித்ததாகிவிடாது.

கரைப்பானும் சும்மா இருப்பதில்லை. மெசிட்டைல் ஆக்சைடு என்ற எளிய ஈனோனை ஹெக்சேனிலிருந்து தண்ணீருக்கு மாற்றினால் அதன் வலுவான உச்சம் 230-இலிருந்து 243 அருகே ஏறுகிறது; அதே மூலக்கூறின் பலவீனமான இன்னோர் உச்சம் 327-இலிருந்து 305 அருகே இறங்குகிறது. ஒரே மாற்றம், இரண்டு எதிர்த்திசைகள். இதன் உச்சகட்டம் ஜெர்மனியின் மார்பர்கில் உருவான ரைக்கார்ட் சாயம். டைஃபீனைல் ஈதரில் 810 நானோமீட்டரில் உறிஞ்சும் அது, தண்ணீரில் 453-க்கு வந்துவிடும். மெத்தனாலில் சிவப்பு, எத்தனாலில் ஊதா, அசிட்டோனில் பச்சை. ‘இந்தச் சாயத்தின் லேம்டா மேக்ஸ் என்ன?’ என்று கரைப்பானைச் சொல்லாமல் கேட்டால் அது கேள்வியே ஆகாது.

மூலக்கூறும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரு ஹைட்ரஜன் இடம் மாறுவதால் ஈனால், கீட்டோ என்று இரண்டு வடிவங்கள் எடுக்கும் குர்குமின் கரைசலில் பெரும்பாலும் ஈனால் வடிவில் இருக்கிறது. எத்தனாலில் 425-ஐ ஒட்டி உறிஞ்சி மஞ்சளாகத் தெரிகிறது. ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைக்கும்போது காரம் அதன் புரோட்டானைப் பறிக்கிறது, எதிர்மின் சுமை சங்கிலி முழுக்கப் பரவுகிறது, உறிஞ்சல் நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்து நீர் சிவக்கிறது. கீட்டோ வடிவத்தை வரைந்து கணினியில் போட்டவருக்கு நடுவில் இணைவு அறுந்த, அநேகமாக நிறமற்ற ஒரு மூலக்கூறு கிடைக்கும். கணக்கீட்டில் பிழை இருக்காது. எடுத்துக்கொண்ட மூலக்கூறே தவறு. சன்ஸ்கிரீனில் வரும் அவோபென்சோனும் இதே குணம் கொண்டது: ஈனாலாக இருக்கும்போது 357 அருகே உறிஞ்சித் தோலைக் காக்கும், கீட்டோவாக மாறினால் உச்சம் 265 பக்கம் போய்விடும்.

சமீப ஆண்டுகளில் இயந்திரக் கற்றல் இந்தக் களத்தில் வேகமாக இறங்கியிருக்கிறது. 2020-இல் கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட தரவுத்தொகுப்பில் சுமார் 7 ஆயிரம் மூலக்கூறுகளுக்கு, பல்வேறு கரைப்பான்களில், 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. இதில் பயிற்சி பெற்ற நரம்பு வலைகள் மூலக்கூறையும் கரைப்பானையும் சேர்த்து வாங்கிக்கொண்டு நொடியில் பதில் சொல்கின்றன. பல நேரம் டிடி-டிஎஃப்டியைவிட நெருக்கமாகவே சொல்கின்றன. ஆனால் பரீட்சை எப்படி வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஒரே சாயம் பத்துக் கரைப்பான்களில் பதிவாகியிருக்கும். பதிவுகளைக் குலுக்கிப் பிரித்தால் ஒன்பது பயிற்சிக்கும் ஒன்று தேர்வுக்கும் போகும். வினாத்தாள் முன்கூட்டியே கசிந்த கதைதான். சாயத்தின் எலும்புக்கூட்டையே மறைத்துவைத்துச் சோதித்தால் பிழை கூடும். நமக்கு வேண்டியதோ இந்த இரண்டாவது எண்தான், புதிதாகத் தயாரிக்கப்போகும் மூலக்கூறு பழைய எலும்புக்கூட்டில் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

பதிவுகளிலும் கோளாறு உண்டு. ஒருவர் மிக உயர்ந்த உச்சத்தை லேம்டா மேக்ஸ் என்று எழுதியிருப்பார், இன்னொருவர் மிக நீண்ட அலைநீள உச்சத்தை. இரண்டும் ஒரே பத்தியில் உட்கார்ந்திருக்கும்.

வேலை நடக்கும் இடங்களில் நல்ல கணக்கீட்டாளர்கள் செய்வது ஒரு கலவை. புது மூலக்கூறின் குடும்பத்தைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு மூலக்கூறுகளை, ஏற்கெனவே அளந்தவற்றை, முதலில் கணினியில் ஓட்டுவார்கள். கணக்குக்கும் அளவீட்டுக்கும் ஒரு நேர்கோடு போட்டு, அந்தக் கோட்டின் வழியாகப் புதியதின் எண்ணைத் திருத்துவார்கள். ஒரே குடும்பத்துக்குள் டிடி-டிஎஃப்டியின் பிழை ஒரே பக்கமாகச் சாய்வதால் இது நன்றாகவே வேலை செய்கிறது. உட்வார்ட் 1941-இல் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

மருந்துத் துறையில் இந்தக் கணிப்புக்கு நேரடித் தேவை ஒன்று இருக்கிறது. வெயில் பட்டால் தோலுக்குக் கேடு செய்யுமா என்று ஒரு மருந்தைச் சோதிக்க வேண்டுமா வேண்டாமா என்பதை, மருந்து விதிமுறைகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐ.சி.எச். அமைப்பின் எஸ்10 வழிகாட்டி உறிஞ்சலை வைத்தே தொடங்குகிறது: 290 முதல் 700 நானோமீட்டர் வரை எங்கும் மோலார் உறிஞ்சல் திறன் (உறிஞ்சல் எவ்வளவு வலுவானது என்பதன் அளவு) 1000-ஐத் தாண்டவில்லை என்றால் ஒளி நச்சுச் சோதனை பொதுவாகத் தேவையில்லை. இங்கே உச்சத்தை மட்டும் கணித்து வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 275-இல் உச்சமும் 15 ஆயிரம் உறிஞ்சல் திறனும் உள்ள ஒரு பட்டையின் வால் 290-இல் 1000-க்கு மேல் இருக்குமா, கீழே இருக்குமா என்பது பட்டையின் அகலத்தைப் பொறுத்தது. அகலத்தை உட்வார்ட் விதி சொல்வதில்லை. வழக்கமான டிடி-டிஎஃப்டியிலும் அது கணக்கின் விடையாக வருவதில்லை, வரைபடம் போடும்போது பயனர் தாமாகக் கொடுக்கும் எண். அதனால் தயாரிப்புக்கு முன் நூற்றுக்கணக்கான வடிவங்களில் எதை விட்டுவிடலாம் என்று சலிக்கக் கணிப்பைப் பயன்படுத்துகிறார்கள். சில மில்லிகிராம் பொருள் கைக்கு வந்ததும் மெத்தனாலில் கரைத்து அளந்துவிடுகிறார்கள்.